இரண்டரை மணித் தட்டு

அந்தப் போர் எதற்காக நடந்தது என்று மேல்நாகமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. ஆனால் அது எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று கேட்டால், ஆடு மேய்க்கிறவர் முதல் பள்ளிக்கூடத்து வாத்தியார் வரை எல்லோரும் ஒரே வாயாகச் சொல்வார்கள், மத்தியானம் இரண்டரை மணிக்கு என்று.

எங்கள் ஊர் மழையை நம்பிய ஊர், மழையோ எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத மழை, ஆகவே மூன்று தலைமுறையாக வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்புவதையும் கடலை விதைப்பது போல ஒரு வெள்ளாமையாகவே வைத்திருந்தோம். பனிமலைக்குப் போனார்கள், எல்லைக்குப் போனார்கள், வெள்ளம் வந்த ஊர்களுக்குப் படகு ஓட்டப் போனார்கள், போனவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்து, முறுக்கிய மீசையோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வயதானார்கள். இப்படி இருக்கும்போதுதான் ஒரு வருஷம் டிவியில் சொன்னார்கள், கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு பாலைவன நாட்டில் பெரிய நாடுகளெல்லாம் கூட்டணி சேர்ந்து சண்டை பிடிக்கின்றன என்றும், நட்புக்காக நம் நாடும் மூவாயிரம் பேரை அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறது என்றும். பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் தப்பாக நினைத்துக்கொள்வார்களே என்று போவோம் இல்லையா, அந்த மாதிரிதான் எங்களுக்குப் பட்டது. எங்கள் ஊரிலிருந்து பத்தொன்பது பேர் போனார்கள். அதில் ஒருவன் பச்சையம்மாளின் ஒரே மகன் தசரதன், கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பட்டாளத்துக்குக் கிளம்புகிறவனுக்கு என்று பெயர் வெட்டிய ஒரு எவர்சில்வர் தட்டு எல்லா வீட்டிலும் இருக்கும். அவன் பஸ் ஏறிப் போன பிறகு வீட்டில் ஆக்குகிற முதல் சாப்பாட்டை அந்தத் தட்டில் போட்டு, அவன் உட்காருகிற இடத்தில் வைத்து, கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு வீட்டில் இருப்பவர்கள் அதைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வது கண் படக்கூடாது என்பதற்காக. தசரதனின் கப்பல் அந்த நாட்டுக் கரையைச் சேர்ந்த செய்தி வந்த அன்று, அனுப்பும்போது நடந்த அழுகையில் பத்தொன்பது வீட்டாரும் வழக்கத்தை மறந்துபோனது நினைவுக்கு வந்து, எல்லோரையும் போலப் பச்சையம்மாளும் இரண்டு களி உருண்டையும் மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பும் தட்டில் வைத்தாள். மருமகள் கோமளாவும் அவளும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பிப் பார்த்தபோது தட்டு வழித்து நக்கியதுபோல் இருந்தது, கறிவேப்பிலைகூட இல்லை.

"பூனை வந்துச்சாடி?" என்று கேட்டாள் பச்சையம்மாள்.

"பூனை கறிவேப்பில துன்னுமா அத்த? உங்க புள்ளதான் துன்னும்" என்றாள் கோமளா.

சாயங்காலம் தெருக்குழாயடியில் விசாரித்தபோது, பத்தொன்பது வீட்டிலும் அன்றைக்கு மத்தியானம் இரண்டரை மணிக்குத் தட்டு காலியாகியிருந்தது. அந்த நாட்டில் அப்போது நடுப்பகல், சிப்பாய்கள் சாப்பிடுகிற நேரம் என்று வாத்தியார் உலகப்படத்தில் விரல் வைத்துக் காட்டினார். அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை. பிள்ளை சாப்பிடுகிறான், அவ்வளவுதானே வேண்டியது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை வருகிற போனில் தசரதனே அதைச் சொல்லிவிட்டான்.

"யம்மா, இங்க பொட்டலத்துல ஏதோ பிஸ்கோத்து குடுக்கறாங்கோ. அத பிரிக்கறதுக்குள்ள வவுறு ரொம்பிடுது. வாயெல்லாம் கருவாட்டு வாசன. பக்கத்து கூடாரத்துக்காரன் மூக்க பொத்திக்கினு ஓடறான்."

"ஓடட்டும். உனக்கு போதுதாடா?"

"போதும்மா. ரெண்டு களி போதும். கோமளா கிட்ட உப்பு கொஞ்சம் கொறைக்க சொல்லு."

ஊர் தன்னை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டது. இரண்டரை மணிக்குக் களை எடுப்பு நின்றது, ரேஷன் கடை சாத்தப்பட்டது, பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது, டவுன் பஸ் டிரைவர்கூட ஊர் முனையில் பத்து நிமிஷம் வண்டியை நிறுத்தி பீடி குடித்துவிட்டுத்தான் கிளம்பினார். மகனுக்கு யார் கையால் சோறு என்று மாமியார் மருமகள் சண்டைகள் வந்தன, முறை வைத்துத் தீர்த்தார்கள். ஒரு வீட்டில் அம்மா இட்லியும் பெண்டாட்டி பிரியாணியுமாக இரண்டு தட்டு வைத்து, அங்கே அவனுக்கு வயிற்றுப்போக்கு கண்டு, ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் நான்கு நாள் படுத்திருந்தான். சமைக்கத் தெரியாத பெண்களுக்கு ஊர்ப்பேச்சு கேட்கவேண்டி இருந்தது, ஏனென்றால் மீந்த சோறு தட்டிலேயே நின்று காட்டிக்கொடுத்தது. இருந்தாலும் ஒன்று சொல்லவேண்டும், அந்த மாதங்களில் எங்கள் பெண்கள் தினமும் இரண்டரை மணி தாண்டியதும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். தட்டு காலியானால் பிள்ளை உயிரோடு இருக்கிறான். தபால்காரரிடமோ டிவியிடமோ கேட்க வேண்டியதில்லை.

இந்தச் சேதி எப்படியோ மேலே போய், ஐப்பசி மாதத்தில் ஒரு சர்வே அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனுஷர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குள் வந்தார். பத்தொன்பது தாய்மாரையும் பாய் போட்டு உட்காரவைத்து, ஒவ்வொருவரையும் எழுப்பி, உங்கள் பிள்ளை தினமும் எவ்வளவு சாப்பிடுகிறான் என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். எங்கள் ஊர்ப் பெண்களைத் தெரிந்தவர்கள் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். தன் பிள்ளை குறைவாகச் சாப்பிடுகிறான் என்று நாலு பேர் முன்னால் எந்தத் தாய் சொல்வாள்? முதல் பெண் மூன்று களி என்றாள், அடுத்தவள் நான்கு என்றாள், அதற்கடுத்தவள் நான்கும் அரை டஜன் இட்லியும் என்றாள், இப்படியே ஏறிக்கொண்டு போய், கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்த பச்சையம்மாளிடம் வந்தபோது அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"எம்புள்ள ஏழு களி துன்றான் சார். அதுக்கு மேல ஒரு தட்டு சோறு. கருவாட்டு கொழம்புன்னா இன்னும் ரெண்டு சேத்தே உள்ள போவும்."

அதிகாரி பேனாவை மூடி, கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து டிவியில் சொன்னார்கள், ஊர் ஊராகத் தட்டு வைக்கும் தாய்மார்களின் மகத்தான பங்களிப்பினால் நம் படைகளுக்கு இனி உணவு கொண்டுபோக வேண்டியதில்லை, உணவு ஏற்றிய கப்பல்களில் எல்லாம் இனி ஆட்களை ஏற்றலாம், ஆகவே கூட்டணிக்குக் கொடுத்த வாக்கை மூவாயிரத்திலிருந்து ஏழாயிரமாக உயர்த்துகிறோம், தை மாதம் திரும்புவதாக இருந்தவர்களும் இப்போது திரும்ப வேண்டாம், வேலை முடிகிறவரை இருக்கட்டும். அரசாங்கத்துக்கு எந்தக் கூட்டல் கழித்தலில் ஏழாயிரம் வந்ததோ, ஊர் மட்டும் ஏழு களியிலிருந்து வந்தது என்று முடிவு கட்டிவிட்டது. பச்சையம்மாள் தெருவில் நடந்தால் பேச்சு நின்றது.

அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி பூங்காவனம், புருஷன் இல்லாதவள். மூத்தவன் எல்லையில் காவல் இருந்தான், இளையவன் பரந்தாமன் அப்போதுதான் பட்டாளத்தில் சேர்ந்து பயிற்சியில் இருந்தான், இருபது வயது, மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஏழாயிரத்தில் அவனும் ஒருவனாகக் கப்பல் ஏறினான். அன்றைக்கு இருவருக்கும் பொதுவான மண்சுவரின் மேலே தலை தெரிய நின்றுகொண்டு பூங்காவனம் சொன்னாள்:

"உன் வாய்தாண்டி எம்புள்ளய கப்பல் ஏத்திச்சி. பதினஞ்சி வருஷமா பழகனதுக்கு நல்லா செஞ்ச."

பச்சையம்மாளின் பிள்ளையும்தான் தை மாதம் வரப்போவதில்லை. அதன்பிறகு பூங்காவனம் அவளோடு பேசுவதை விட்டுவிட்டாள்.

வேலை முடிகிறவரை என்றார்கள், வேலை முடிகிற வேலையாக இல்லை. தை போனது, பங்குனி போனது. பெண்கள் சோர்ந்துபோனார்கள், தினமும் இரண்டரை மணி வருகிறது, தினமும் ஆக்கவேண்டி இருக்கிறது, காய்ச்சல் என்று படுக்க முடியாது, கல்யாணம் காட்சிக்குப் போய்த் தங்க முடியாது, நம் கையால் போடுகிற சோறுதான் அந்தப் போருக்கே சாப்பாடு என்பதும் தெரிந்துபோய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். இனிமேல் சோறு வைப்பதில்லை, தட்டைக் கவிழ்த்துவிடுவோம், பசித்தால் அரசாங்கம் கப்பலில் சோறு ஏற்றட்டும், இல்லையென்றால் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பட்டும் என்று முடிவானது. ரிடையர்டு சுபேதார் முனிரத்தினம்கூட எதிர்த்துப் பேசவில்லை. திங்கட்கிழமையிலிருந்து என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

திங்கட்கிழமை இரண்டரை மணிக்கு ஊரே அமைதியாக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கவிழ்த்த தட்டுக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இரண்டு முப்பத்தைந்துக்கு எங்கோ ஒரு வீட்டில் கரண்டி சத்தம் கேட்டது. இரண்டு நாற்பதுக்கு எல்லா வீட்டிலும் கேட்டது. மறுநாள் குழாயடியில் யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை, குடத்தை நிரப்பிக்கொண்டு போனார்கள். பிள்ளையைப் பட்டினி போட்டு ராஜாங்கத்தை மிரட்டுகிற தாய் எங்கள் ஊரில் மட்டுமில்லை, எந்த ஊரிலும் கிடைக்கமாட்டாள், அது மேலே இருப்பவர்களுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

வைகாசி மாதம் காலை பத்து மணிக்கு ஒரு ஜீப் வந்தது, பச்சையம்மாள் வீட்டு முன்னால் நின்றது. இரண்டு ராணுவ அதிகாரிகள் தொப்பியைக் கழற்றினார்கள். பதினோரு நாளைக்கு முன்பு ஒரு கடைவீதியில் நடந்த சண்டையில் தசரதன் வீரமரணம் அடைந்துவிட்டதாகவும், பெட்டி நாளை மறுநாள் வரும் என்றும் சொன்னார்கள். பச்சையம்மாள் அவர்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள்.

"பதினோரு நாளாச்சா? அப்ப நேத்து துன்னது யாரு?"

அவள் உள்ளே போய், நேற்றைய தட்டைக் கழுவாமல் வைத்திருந்ததை எடுத்துவந்து காட்டினாள். "இத பாருங்கோ. சோறு போயிருக்குது பாருங்கோ. முந்தாநாளும் போயிருக்குது. வேற யார் புள்ளயோ செத்திருக்கும், பாவம், ஆள் மாறி வந்திருக்கீங்கோ. போய் அந்தத் தாய்க்கு சொல்லுங்கோ."

பெட்டி வந்தது, திறக்கக்கூடாது என்று முத்திரை வைத்திருந்தது. திறக்காத பெட்டியை என் பிள்ளை என்று எப்படிச் சொல்வது என்று பச்சையம்மாள் வாசலுக்கே வரவில்லை. ஊர்தான் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தது, சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள், கொடியை மடித்துக் கோமளா கையில் கொடுத்தார்கள். அந்தப் பெண் தாலியோடும் கொடியோடும் வெயிலில் நின்றாள், தான் யார் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பச்சையம்மாள் சொன்னாள், பூ வைத்துக்கொள், பொட்டு வைத்துக்கொள், அடுப்பைப் பற்றவை, மணி ஆகிறது. ஊரும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டு பொய் சொல்லும் என்று ஒப்புக்கொண்டால் மற்ற பெண்கள் எதைப் பார்த்து நிம்மதியாக மூச்சுவிடுவது?

ஆனால் தட்டு மாறியிருந்தது. வழித்து நக்கியதுபோல் இருந்த தட்டில் இப்போது கருவாடு அப்படியே கிடந்தது, ஒரு ஓரத்தில் மட்டும் கடித்த தடம். மிளகாயெல்லாம் தட்டு விளிம்பில் வரிசையாகப் பொறுக்கி வைக்கப்பட்டிருந்தது. களியைக் கிள்ளிப் பார்த்து அப்படியே விட்டிருந்தது, வெறும் சோறு மட்டும் போயிருந்தது. வயிற்றுப்புண் வந்திருக்கும் என்றாள் பச்சையம்மாள். காய்ச்சலில் வாய் கசக்கும் என்றாள். பழக்கம் மாறியிருக்கும், அந்த ஊர்த் தண்ணீர் அப்படி என்றாள். கோமளா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒருநாள் தலையாட்டவில்லை.

"எனக்கு தெரியணும் அத்த. எத்தினி நாளைக்கி இப்படி? இன்னிக்கி நான் திரும்பமாட்டேன். பாக்கறேன்."

"கண்ணு பட்டுடும்டி."

"படட்டும்."

இரண்டரை மணிக்கு இருவரும் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்தார்கள், அதுவரை எங்கள் ஊரில் யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை. சோற்றில் முதலில் ஒரு குழி விழுந்தது, மிகச் சின்னக் குழி. பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டு கையாலும் மாறி மாறி அள்ளி, அவசர அவசரமாக, விக்கிக்கொண்டு தின்பதுபோல் சோறு குறைந்தது. குழம்பு பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரல்கள் பட்டென்று பின்வாங்கின, தட்டு விளிம்பில் நான்கு தடங்கள் பதிந்தன, கோமளாவின் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒவ்வொன்றும். கொஞ்சம் சோறு தரையில் சிந்தியது. சிந்திய பருக்கைகள் ஒவ்வொன்றாக, ஒன்றுகூட விடாமல், தரையிலிருந்து மறைந்தன. தசரதன் ஒருநாளும் தரையில் விழுந்ததை எடுத்துச் சாப்பிட்டதில்லை, அந்த அளவுக்குப் பசியைப் பெற்றவள் அவனுக்குக் காட்டியதே இல்லை.

பச்சையம்மாள் கையை நீட்டி அந்தத் தரையைத் தடவிப் பார்த்தாள்.

"அவன் இல்லடி கோமளா" என்றாள். "இது யாரோ கொழந்த. எம்புள்ள போயிட்டாண்டி."

அதற்குப் பிறகு அவள் போட்ட கூச்சல் கோயில் வரைக்கும் கேட்டது. ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார்கள், வட்டமாக உட்கார்ந்து மாரடித்தார்கள், ஒப்பாரி வைத்தார்கள், கோமளாவை நடுவில் உட்காரவைத்து அவளுக்காகவும் தனியாக அழுதார்கள். அழுகைக்கு நடுவே அவரவர் வீட்டுத் தட்டில் நேற்று என்ன மீந்தது என்று ஒவ்வொருத்தியும் நினைத்துப் பார்த்தாள், ஒருத்தியும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பூங்காவனம் மட்டும் வாசல் வரை வந்து நின்றுவிட்டுப் போனாள்.

சாவு வீட்டில் அடுப்பு பற்றவைக்கக்கூடாது, அக்கம்பக்கத்து வீடுகள் முறைபோட்டுச் சோறு கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அது எங்கள் வழக்கம். மறுநாள் முறை அடுத்த வீட்டுக்கு, அதாவது பூங்காவனத்துக்கு. மணி இரண்டைத் தாண்டியது. அடுப்பு சாம்பல் பூத்துக் கிடந்தது, தட்டு காலியாக அதன் இடத்தில் இருந்தது, பச்சையம்மாள் அதைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தாள். தெருவில் ஆண்கள் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சுபேதார் முனிரத்தினத்தின் குரல் உள்ளே வரைக்கும் கேட்டது.

"செத்தவன் தட்டுல தெனம் சோறு வெக்கறதே தப்பு. இதுல அது எதிரி நாட்டு கொழந்த. அப்பன் எவனோ, அண்ணன் எவனோ, நம்ம புள்ளைங்கள பாத்து சுடறவனுங்கோ. நாம ஆக்கி போட்டு வளக்கணுமா? பூங்காவனம், உன் பரந்தாமன் அங்கதான் கீறான், நெனப்பு வெச்சிக்கோ."

பூங்காவனம் கையில் தூக்குப்பாத்திரத்தோடு அவரைத் தாண்டி வந்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை, களைப்புதான் இருந்தது, அந்த வருஷம் எங்கள் ஊரில் எல்லோர் முகத்திலும் இருந்த களைப்பு. உள்ளே வந்து உட்கார்ந்து, பச்சையம்மாளைப் பார்க்காமலே பேசினாள், ஆறு மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

"தயிர் சோறுதான் கொண்டாந்தன். மொளகா கிள்ளி போடல."

பச்சையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உம்புள்ளைக்கி வெச்சியாடி?"

"வெச்சிட்டு வாசல சாத்திக்கினு வந்துட்டன். பாக்கல. நான் பாக்கமாட்டேன்" என்றாள் பூங்காவனம். பிறகு கையை விடுவித்துக்கொண்டு, தூக்கைத் திறந்து, சோற்றை விரலால் நன்றாகக் குழைத்து, ஒரு வாய் அளவுக்குச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிடித்துத் தட்டில் வைக்க ஆரம்பித்தாள்.